தொப்பூர் இறக்கத்தில் கருகும் பிசின்

*லாரி பிரேக், காற்றாலை இறக்கை, மீன்பிடிப் படகு, வீட்டுக் கம்பி என எல்லாவற்றிலும் கூட்டுப்பொருள் வந்துவிட்டது. அதன் பலத்தைக் கொண்டாடும் நாம் பலவீனத்துக்குத் தயாராக இருக்கிறோமா?*

பின்சக்கரங்களிலிருந்து முதலில் நாற்றம்தான் வரும். புகை அதற்குப் பிறகு. தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் சரக்கு லாரிகள் தொப்பூர் கணவாயின் வளைவுகளைக் கடந்து அடிவாரத்தை நெருங்கும்போது, சாலையோரம் நிற்பவரின் மூக்கில் அந்த நெடி ஏறும். லாரி ஒன்று ஓரங்கட்டி நிற்கிறது. கிளீனர் குதித்து இறங்கி, சக்கரத்துக்குக் கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு, கேனில் இருக்கும் தண்ணீரை பிரேக் டிரம் மேல் ஊற்றப் போகிறார். "ஊத்தாதடா, டிரம் விட்டுரும்" என்று டிரைவர் மேலிருந்து கத்துகிறார். கொதிக்கும் வார்ப்பிரும்பில் சில்லென்று தண்ணீர் பட்டால் விரிசல் விழும். ஆறும்வரை காத்திருப்பதுதான் வழி. பின்னால் வரும் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே விலகிப் போகின்றன.

"லைனர் கருகுற வாடை" என்று டிரைவர்கள் சொல்வது இதைத்தான். கருகுவது இரும்பு இல்லை. பிரேக் லைனருக்குள் இருக்கும் பிசின்.

டிரம்முக்குள் பிரேக் ஷூவின் மேல் பதித்திருக்கும் அந்த வளைந்த கட்டி ஒரு கூட்டுப்பொருள். நார், உலோகத் தூள், கிராஃபைட், தாதுப் பொடி என்று பத்திருபது சரக்குகளைக் கலந்து, பீனாலிக் பிசினால் பிணைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிச் செய்கிறார்கள். இந்தத் தொழிலில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ரானே, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் இரண்டுமே சென்னை நிறுவனங்கள். சமதளத்தில் பல்லாயிரம் கிலோமீட்டர் உழைக்கும் இந்தப் பொருள், தொப்பூரில் சில நிமிடங்களில் தோற்றுப்போவது ஏன்?

நூறு மீட்டர் இறங்கினால்

கணக்கு எளிது. 40 டன் லாரி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 130 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும். டயர் உராய்விலும் காற்றுத் தடையிலும் ஒரு பங்கு போகும். மீதியை இன்ஜின் தாங்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் தாங்க வேண்டும். லோ கியரில் இறக்கினால் பெரும்பகுதியை இன்ஜின் பிடித்துக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டினால் முழுச் சூடும் லைனர் மேல் விழும்.

பீனாலிக் பிசின் சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். அப்போது வெளிவரும் வாயு லைனருக்கும் டிரம்முக்கும் நடுவே மெல்லிய படலமாகப் புகுந்துகொள்கிறது. பிடிமானம் சரிகிறது. அதே நேரத்தில் டிரம்மும் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது. டிரைவர் மிதிக்கிறார், மிதி இறங்குகிறது, வண்டி நிற்கவில்லை. ஆறிய பிறகு பிரேக் திரும்பப் பிடிப்பதுபோலத் தோன்றும். ஆனால் லைனரின் மேல்தோல் கண்ணாடிபோல் பளபளத்துக் கெட்டியாகியிருக்கும். பட்டறையில் அதைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும், விரல் வழுக்கும். அடுத்த இறக்கத்தில் அது இன்னும் சீக்கிரம் கைவிடும்.

தொப்பூரின் விபத்துகளுக்குச் சரிவு, வளைவு, அதிவேகம், அதிகபாரம், தூக்கமின்மை என்று காரணங்கள் பல. 2020 டிசம்பரில் லாரி ஒன்று வரிசையாக வாகனங்கள் மேல் மோதியதில் 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் இரட்டைப் பாலத்தில் நடந்த அடுக்கு மோதலில் மறுபடி 4 பேர். இதற்குப் பிறகு 2024-ல் சுமார் 6.6 கிலோமீட்டர் நீளத்துக்கு 775 கோடி ரூபாய் மதிப்பில் உயர்மட்டச் சாலைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. வளைவும் சரிவும் குறைந்தால் உயிர்கள் பிழைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பாலம் லைனரை மாற்றாது. இறக்கத்துக்கு முன் சூடு பார்ப்பது, அதிகபாரத்தைத் தடுப்பது, நியூட்ரலில் வருவதை நிறுத்துவது என்ற மூன்றையும் செய்யாமல் சாலையை மட்டும் நேராக்கினால் வேகம்தான் கூடும்.

இழைக்குப் பலம், பிசினுக்கு ஆயுள்

இரண்டு பொருள்கள் தம் குணம் கெடாமல் சேர்ந்து, தனித்தனியாக இருந்தபோது இல்லாத பலத்தைத் தந்தால் அது கூட்டுப்பொருள். வைக்கோல் கலந்த மண்சுவர் அப்படித்தான். கம்பி போட்ட கான்கிரீட்டும் அதே வகை. மூங்கிலும் நம் எலும்பும் இயற்கை செய்தவை.

நவீனக் கதை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பிக்கிறது. பேக்லண்ட் என்ற வேதியியலாளர் பீனாலிக் பிசினைத் தந்தார்; பேக்லைட் என்று நம் பாட்டன்மார் வீட்டு சுவிட்சுகளில் இருந்தது அதுதான். 1920-ல் இங்கிலாந்தில் கிரிஃபித், கண்ணாடியை எவ்வளவு மெல்லிய இழையாக இழுக்கிறோமோ அவ்வளவு பலம் கூடுகிறது என்று காட்டினார். விரிசல் விழ இடமில்லாத அளவுக்கு மெல்லியதாகிவிடுவதே காரணம். அந்த இழையைத் துணியாக நெய்து பிசினில் ஊறவைத்தால் இரும்பின் கால்பங்கு எடையில் இரும்போடு போட்டிபோடும் பலகை கிடைக்கிறது. கண்ணாடிக்குப் பதில் கார்பன் இழை என்றால் எடை இன்னும் குறையும், விலை பல மடங்கு ஏறும்.

இழுவையைத் தாங்குவது இழை. இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து, பாரத்தைப் பங்கிட்டு, ஈரமும் வெயிலும் அண்டாமல் காப்பது பிசின். விளம்பரத்தில் வரும் எண்கள் எல்லாம் இழையைப் பற்றியவை. வழக்குக்கும் விசாரணைக்கும் வருவது பெரும்பாலும் பிசின்.

இந்தக் குறையெல்லாம் தெரிந்தும் உலகம் ஏன் இதன் பின்னால் ஓடுகிறது என்பதற்கு அப்துல் கலாம் சொன்ன நிகழ்ச்சியே போதும். அக்னி ஏவுகணைக்காகச் செய்த எடை குறைந்த கார்பன் பொருளை ஹைதராபாத் நிஜாம் மருத்துவ நிறுவனத்தின் எலும்பியல் மருத்துவர் ஒருவர் கையில் தூக்கிப் பார்த்தார். உடனே கலாமை மருத்துவமனைக்கு அழைத்துப்போய், 3 கிலோவுக்கு மேல் எடையுள்ள உலோகக் காலிப்பர்களைக் கட்டிக்கொண்டு கால்களை இழுத்து நடந்த குழந்தைகளைக் காட்டினார். மூன்றே வாரத்தில் 300 கிராம் காலிப்பர் தயாரானது. பெற்றோர் கண்ணில் வந்த நீரைத் தன் வாழ்வின் பெரிய மகிழ்ச்சிகளில் ஒன்றாகக் கலாம் மேடைதோறும் சொன்னார். எடை குறைவது என்றால் என்ன என்று அந்தக் குழந்தைகளுக்குத் தெரியும்.

> ■ எங்கெல்லாம் இருக்கிறது?
>
> போயிங் 787: எடையில் சுமார் பாதி கூட்டுப்பொருள். ஏர் இந்தியாவிலும் பறக்கிறது.
>
> தேஜஸ் போர் விமானம்: பெங்களூருவில் உருவானது. உடற்கட்டின் எடையில் சுமார் 45 சதவீதம் கார்பன் இழை.
>
> காற்றாலை இறக்கை: கண்ணாடி இழை, எபாக்ஸி அல்லது பாலியெஸ்டர் பிசின், நடுவே பால்சா மரம். நீளமானவற்றில் கார்பனும் உண்டு.
>
> கல்நார் ஓடு: சிமென்டும் ஆஸ்பெஸ்டாஸ் நாரும் சேர்ந்த கூட்டுப்பொருள். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடைசெய்துவிட்டன. பழைய பிரேக் லைனர்களிலும் இதே நார்தான் இருந்தது. டிரம்மைக் காற்றடித்துச் சுத்தம் செய்யும் பட்டறைத் தொழிலாளிக்கு முகக்கவசம் கட்டாயம்.

கணவாயைக் கடக்கும் இறக்கைகள்

பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் என்று தமிழகத்துக்குக் காற்று நுழையும் கணவாய்கள் நான்கு. காற்றாலையின் இறக்கைக்கு இன்னொரு கணவாய் உண்டு. கர்நாடகப் பக்கமிருந்து தெற்கே வரும் நீண்ட டிரெய்லர்களுக்கு 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் தொப்பூரைத் தாண்டாமல் வழியில்லை. முன்னும் பின்னும் எஸ்கார்ட் வண்டி, கொடி, விளக்கு. வளைவில் வால்பகுதி அடுத்த லேனைத் துடைத்துக்கொண்டு போகும். ஒரு டிரெய்லர் சிக்கினால் கணவாய் முழுக்க நின்றுபோகும்.

1990-களில் தமிழகத்தில் நட்ட 225 கிலோவாட் காற்றாலைகளின் இறக்கை சுமார் 13 மீட்டர்தான். சாதாரண லாரியிலேயே வந்துவிடும். இப்போது வருபவை 70 மீட்டரைத் தொடுகின்றன. 75 மீட்டர் இறக்கை ஒன்றின் எடை சுமார் 25 டன். இதையே இரும்பில் செய்தால் தன் எடையாலேயே தொங்கிப்போகும். இத்தனை பெரிய காற்றாலை சாத்தியமானதே கூட்டுப்பொருளால்தான்.

செய்முறையைப் பார்த்தால் பாதி தையற்கடை, பாதி ஆய்வுக்கூடம். தொட்டிபோல் நீண்ட அச்சுக்குள் கண்ணாடித் துணியை அடுக்கடுக்காக விரிக்கிறார்கள். எந்த இடத்தில் எத்தனை அடுக்கு, இழை எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்கும். துணியில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் கையால் நீவிச் சரிசெய்ய வேண்டும். அந்தச் சுருக்கம்தான் பத்தாண்டு கழித்து விரிசலாகும். மேலே பிளாஸ்டிக் விரிப்பை மூடி, பம்பு வைத்து உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சுகிறார்கள். அந்த வெற்றிடமே பிசினை இழுத்து இழைகளுக்கிடையே பாய்ச்சுகிறது. பிறகு மணிக்கணக்கில் சூட்டில் இறுக விடுகிறார்கள். இப்படிச் செய்த இரண்டு பாதிகளையும் பசையால் ஒட்டினால் இறக்கை தயார். காற்றுக்குமிழி ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டால் வெளியே தெரியாது.

மேலே ஏறிய பிறகு அதன் பாடு பெரிது. 20 ஆண்டில் சுற்றும் சுற்றுகள் பத்து கோடியைத் தொடும். ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை இழுபட்டு ஒருமுறை அமுங்குகிறது. நுனி மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் சீவும்போது மழைத்துளியும் மணலும் முன்விளிம்பை அரித்தெடுக்கும். மின்னலைத் தரைக்கு இறக்க உள்ளே கம்பி ஓடினாலும், சில சமயம் அடி இறக்கையின் மேலேயே விழுந்து நுனியைப் பிளந்துவிடும்.

சொல்லாமல் உடையும்

இரும்பு வளையும், நெளியும், துரு காட்டும். கவனிக்கிறவனுக்கு அவகாசம் தரும். கூட்டுப்பொருளில் சேதம் உள்ளே நடக்கிறது. ஒரு ஸ்பேனர் தவறி விழுந்த இடத்தில் மேலே சிறு கீறல்கூட இருக்காது; உள்ளே அடுக்குகள் பரோட்டாவைப் போலப் பிரிந்திருக்கும். இழுவையைத் தாங்கும் இழைகள் அப்படியே இருப்பதால் உடனே ஒன்றும் ஆகாது. அமுக்கம் வரும்போதுதான் பிரிந்த அடுக்கு மடிந்து மொத்தமும் சரியும்.

2023 ஜூன் 18 அன்று டைட்டானிக் சிதைவைப் பார்க்க அட்லாண்டிக் கடலில் இறங்கிய டைட்டன் நீர்மூழ்கி நொறுங்கியதில் 5 பேர் இறந்தார்கள். அதன் உடல் கார்பன் இழையால் சுற்றப்பட்ட உருளை. கார்பன் இழை இழுவையில் வல்லது; ஆழ்கடல் செய்வதோ எல்லாப் பக்கமும் அமுக்குவது. எந்தப் பொருளை எங்கே வைப்பது என்ற அடிப்படைக் கேள்வியிலேயே அங்கே தவறு நடந்தது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் 6,000 மீட்டர் ஆழத்துக்காக உருவாக்கும் மத்ஸ்யா 6000, மனிதர் அமரும் கோளத்துக்கு 80 மில்லிமீட்டர் தடிமனில் டைட்டானியம் கலப்பு உலோகத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. நம் விஞ்ஞானிகள் எடுத்தது சரியான முடிவு.

சேதத்தைக் கண்டுபிடிக்க மீயொலி, வெப்பப்படம் என்று கருவிகள் உண்டு. விமானக் கூடங்களில் இன்றைக்கும் புழங்கும் ஒரு சோதனைக்கு ஒரு நாணயம் போதும். மேற்பரப்பைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடத்தில் 'டிங்' என்று கூர்மையாகக் கேட்கும். அடுக்குப் பிரிந்த இடத்தில் 'டொப்' என்று மந்தமாகக் கேட்கும்.

வீட்டுக்கு வந்த ஃபைபர் கம்பி

இப்போது வீடு கட்டுகிற பலரும் கேட்கும் கேள்வி இது: டி.எம்.டி. கம்பிக்குப் பதில் ஃபைபர் கம்பி போடலாமா? கண்ணாடி இழைக் கம்பிக்கு 2023-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் தனித் தரம் வெளியிட்டது. எடை இரும்பில் கால்பங்கு, துருவே பிடிக்காது. தூத்துக்குடி, ராமேஸ்வரம் போன்ற உப்புக்காற்றுப் பகுதிகளுக்கும், கடற்சுவர், கழிவுநீர்த் தொட்டி போன்றவற்றுக்கும் இது நல்ல வரவு.

விற்பனையாளர் சொல்லாத பக்கமும் உண்டு. இழுவிசை வலிமையில் இரும்பை மிஞ்சினாலும் விறைப்பு அதில் நான்கில் ஒரு பங்குதான். இரும்புக்குப் போட்ட அதே வரைபடத்தில் கம்பியை மட்டும் மாற்றினால் தளம் தொய்யும், விரிசல் அகலும். சைட்டில் வைத்து வளைக்க முடியாது. ரிங்கும் கொக்கியும் தொழிற்சாலையிலேயே வளைத்து வர வேண்டும். தீப்பிடித்தால் பிசின் இளகிப் பிடிமானம் போகும். நிலநடுக்கத்தில் இரும்புபோல் நீண்டு கொடுக்காது. கட்டமைப்புப் பொறியாளர் இதற்கென்று தனியாக வடிவமைத்துக் கொடுக்காமல், கிலோ கணக்குப் பார்த்து வீட்டுத் தூணிலும் உத்திரத்திலும் இதைப் போடுவது ஆபத்து.

கரையில் கிடக்கும் படகுகள்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நம் கடற்கரையில் கட்டுமரங்களை அள்ளிப் போனபின், நிவாரணமாக வந்து இறங்கியவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். இலகு, வேகம், இன்ஜின் பூட்டலாம், மரம் வெட்ட வேண்டாம். மீனவர்களுக்கு இது பெரிய மாற்றம். ஆனால் அவசரத்தில் கட்டிய படகுகளின் தரம் குறித்து ஐ.நா. உணவு வேளாண் நிறுவனமே கவலை தெரிவித்தது. பிசினோடு சேர்க்கும் ஹார்ட்னர் அளவு பிசகினால் படகு சரியாக இறுகாது. கண்ணாடி இழைப் பாய்க்குள் பிசின் முழுதாக ஊறாத இடத்தில் கடல்நீர் மெல்லப் புகுந்து கொப்புளம் கட்டும். வெளியே மினுக்கும் பெயின்ட் எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

கட்டுமரம் பழசானால் அடுப்புக்குப் போகும், மண்ணில் மக்கும். உடைந்த ஃபைபர் படகு எதற்கும் ஆகாமல் கரையிலேயே கிடக்கிறது. கொளுத்தினால் கரும்புகை, அறுத்தால் கண்ணாடித் தூசி. இதையே பல ஆயிரம் மடங்கு பெரிதாக்கினால் வரப்போவது காற்றாலை இறக்கை.

> ■ வாங்குவோர், ஓட்டுவோர் கவனிக்க
>
> லாரி ஓட்டுநர்: எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் இறக்கம் தொடங்கும் முன்பே போடுங்கள். நெடி வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள்.
>
> லைனர் மாற்றும்போது: ஒரே அச்சின் இரு பக்கமும் ஒரே கம்பெனி, ஒரே ரகம். மலிவு விலை போலிச் சரக்கு வேண்டாம்.
>
> ஃபைபர் படகு: வாங்கும் முன் உடல் முழுவதும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். கொப்புளத்தைப் பெயின்டால் மூடாதீர்கள்.
>
> ஃபைபர் தண்ணீர்த்தொட்டி, கூரை: மேல்பூச்சு தேய்ந்து இழை வெளியே தெரிந்தால் வெயில் அதைத் தின்னத் தொடங்கிவிட்டது என்று பொருள். கையால் தடவாதீர்கள், தோலில் ஏறும்.

பிரிக்க முடியாத கூட்டு

இரும்பை உருக்கலாம், அலுமினியத்தை உருக்கலாம். ஒருமுறை இறுகிய எபாக்ஸி மறுபடி உருகாது, சூடேற்றினால் கருகும். இழையையும் பிசினையும் பிரிக்க முடியாத அளவுக்குச் சேர்த்ததே இந்தப் பொருளின் வெற்றி. ஆயுள் முடிந்ததும் அதுவே சிக்கலாகிறது.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் காஸ்பர் நகரக் குப்பைமேட்டில் துண்டுபோட்ட இறக்கைகளை வரிசையாகப் புதைக்கும் படங்கள் 2020-ல் உலகம் சுற்றின. ஜெர்மனி, நெதர்லாந்து போன்ற நாடுகள் இப்படிப் புதைப்பதைத் தடுத்துள்ளன. ஜெர்மனியில் இறக்கைகளைத் தூளாக்கி சிமென்ட் சூளைக்கு அனுப்புகிறார்கள். பிசின் நிலக்கரிக்குப் பதிலாக எரிகிறது. கண்ணாடியில் உள்ள சிலிக்காவும் சுண்ணாம்பும் சிமென்டாக அரைபடும் கிளிங்கரில் சேர்ந்துவிடுகின்றன. மிதமான அமிலத்தில் கரையும் புதுப் பிசினால் செய்த இறக்கையை சீமென்ஸ் கமேசா 2021-ல் அறிமுகம் செய்தது. அது வரவேற்கத்தக்கது, ஆனால் ஏற்கெனவே நம் வயல்களில் நிற்கும் இறக்கைகளுக்கு அது உதவாது.

தமிழகத்தின் முதல் காற்றாலைப் பண்ணை தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் 1986-ல் வந்தது. இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. 20 ஆண்டு கடந்த பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கவும் மாற்றவும் தமிழக அரசு 2024-ல் தனிக் கொள்கை வெளியிட்டது. நல்ல காற்றுள்ள இடங்களைப் பழைய சிறு இயந்திரங்கள் அடைத்துக்கொண்டிருக்கும்போது இது தேவையான நடவடிக்கை. கோபுரத்து இரும்பையும் ஜெனரேட்டர் செம்பையும் வாங்க காயலான் கடைக்காரர் வரிசையில் நிற்பார். இறக்கையை எடுக்க யாரும் வரமாட்டார். ஆரல்வாய்மொழியிலும் கயத்தாறிலும் பல்லடத்திலும் அது வேலியோரமோ குளத்தோரமோ ஒதுங்கும்.

செய்வதற்கு வசதி இல்லை என்று சொல்ல முடியாது. நெல்லை தாழையூத்திலும் அரியலூரிலும் சிமென்ட் ஆலைகள் இருக்கின்றன. காற்றாலைகளுக்கும் தாழையூத்துக்கும் தூரம் அதிகமில்லை. பள்ளிக்கரணையில் தேசிய காற்று ஆற்றல் நிறுவனமும் கயத்தாறில் அதன் சோதனை நிலையமும் இருக்கின்றன. பிளாஸ்டிக் உறை, மின்னணுக் கழிவு, பேட்டரி, பழைய டயர் ஆகியவற்றுக்குத் தயாரித்தவரே பொறுப்பு என்ற விதி நாட்டில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதே பொறுப்பு இறக்கைக்கும் ஃபைபர் படகுக்கும் வேண்டும்.

புதுக் காற்றாலைக்கு அனுமதி தரும்போதே இறக்கையை அகற்றும் செலவுக்கான வைப்புத்தொகையை அரசு வாங்க வேண்டும். பழையதைக் கழற்றுகிறவர், இறக்கை எந்த ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது என்று ரசீது காட்டிய பிறகே புதியதற்கு மின் இணைப்பு கொடுக்க வேண்டும். மின்வாரியமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சேர்ந்து போடக்கூடிய ஓர் உத்தரவு இது. பழைய இறக்கைகள் இறங்கத் தொடங்கும் முன்பே அது வர வேண்டும்.